நாலு வருஷப் பச்சை லேசர்: பழுது சுவிட்சில்தான்

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறேன். விரலை நீட்டிக் காட்டினால் ஆளுக்கொரு நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் நாலு வருஷம் முன்பு இந்தப் பேனா வடிவப் பச்சை லேசரை வாங்கினேன். இரண்டு ட்ரிப்பிள் ஏ பேட்டரி, பக்கவாட்டில் ஒரு பொத்தான், 5 மில்லிவாட்டுக்குள் என்று லேபிள். அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் எரியும்.

இரண்டரை வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு டிசம்பர் ராத்திரி, கார்த்திகையைக் காட்டிவிட்டுத் திருவாதிரைக்கு நகர்த்தும்போது ஒளி விட்டுவிட்டு வந்தது. "ஆன்ட்டி, கோடு போயிடுச்சு!" என்று ஒரு சின்னவள் கத்தினாள். கட்டை விரல் வலிக்க அழுத்தினால் வந்தது, தளர்த்தினால் மங்கியது.

முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன். ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான் தரும், சாதாரணது 1.5. புதுசு போட்டும் அதே கதை. அடுத்து குளிர். பச்சை லேசருக்குக் குளிர் ஆகாது. உள்ளே ஒளியை உண்டாக்கும் சின்னப் பாகமான டயோடு தருவது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. அதை வாங்கி ஒரு படிகம் 1064 ஆக்க, இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532க்கு, அதாவது பச்சைக்குக் கொண்டுவருகிறது. குளிரில் டயோடின் அலைநீளம் கொஞ்சம் நகர்ந்தாலும் முதல் படிகம் சரியாக உறிஞ்சாது. உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிப் பார்த்தேன். மாற்றமில்லை.

கரண்ட், ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பின்மூடியைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை உடலின் மரையிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். லேசரின் வாய் சுவரில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைப் பார்த்தபடி இருந்தது. 90 மில்லியாம்பியர், 260, மறுபடி 120 என்று எண் தாவியது. மரையைத் துடைத்தும் அப்படியே. முன்பாகத்தை ரப்பர் துணி சுற்றி முறுக்கிக் கழற்றி, போர்டில் சுவிட்சின் கால்களைத் தொட்டு ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன். அழுத்தியிருக்கும்போதே 4 ஓம், 15 ஓம் என்று ஆடியது. நல்ல சுவிட்சில் ஒரு ஓம்கூட வராது. நாலு கால்களில் இரண்டிரண்டு உள்ளேயே இணைந்தவை. இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் மீட்டரை வைத்து, அழுத்தாமலே பீப் கேட்டால் சுவிட்ச் ஷார்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இது சின்ன எலெக்ட்ரானிக் சாதனங்களில் வருகிற 6 மி.மீ. டாக்ட் சுவிட்ச், அழுத்தும்போது மட்டும் இணையும் குட்டிப் பொத்தான். இந்த வகைக்குப் பொதுவாக 50 மில்லியாம்பியர்தான் வரம்பு. என் லேசரில் 280 மில்லியாம்பியர் முழுக்க அதன் வழியாகவே ஓடுகிறது. கழற்றிய சுவிட்சைப் பிளந்து பார்த்தால், மெல்லிய தகட்டுக் குமிழின் அடியில் கரிப்புள்ளி. சுத்தம் செய்யும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூறு முறை விட்டாலும் அது தீராது, மாற்றத்தான் வேண்டும்.

எலெக்ட்ரானிக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் பத்து சுவிட்ச் வாங்கினேன். "ஹைட் எவ்வளவு மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார், அளக்காமல் போயிருந்தேன். 7 மி.மீ. என்று குத்துமதிப்பாகச் சொல்லி வாங்கிவந்தது தப்பு. மூடியதும் உடல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது, லேசர் அணையவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஹெச்.ஏ.எல். விமான நிலையம் எங்களுக்குக் கிட்டத்தான். 2008இல் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளியின் புது விமான நிலையத்துக்குப் போய்விட்டாலும் ராணுவ விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இன்றும் பறக்கின்றன, லேசர் ஒளி விமானியின் கண்ணில் பட்டால் ஆபத்து. விரலை எடுத்ததும் அணையாத லேசரைப் பிள்ளைகள் நடுவே கொண்டுபோகவே கூடாது. மறுபடி போய் 5 மி.மீ.யில் பத்து வாங்கினேன்.

சால்டரிங்கை எங்கள் தெரு மொபைல் கடைத் தம்பியிடம் கொடுத்தேன். "அக்கா, டயோடு ஸ்டாட்டிக்குக்கே போயிடும்" என்று, உடம்பில் சேரும் நிலைமின்சாரத்துக்குப் பயந்து, கையில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் தொட்டார். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு, டயோடுக்குப் போகும் கரண்டைத் தீர்மானிக்கும் பிரீசெட் அது. வெளிச்சம் கூடுமே என்று அதைத் திருப்பினால் டயோடு கருகும், அல்லது 5 மில்லிவாட்டைத் தாண்டிக் கண்ணுக்கு ஆபத்தாகும். முன்பக்கக் கண்ணாடி கழன்றிருக்கும்போது எரிய விடவும் வேண்டாம். அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் அங்கேதான் இருக்கும். அது இல்லாத மலிவான பச்சை லேசர் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பச்சையைவிடப் பல மடங்கு கக்கியதை 2010இல் அமெரிக்காவின் தேசிய அளவியல் ஆய்வகமான என்.ஐ.எஸ்.டி.யினர் அளந்து வெளியிட்டார்கள்.

மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. மீட்டரில் 280ஐ விட்டு எண் நகர்வதில்லை, லேசாகத் தொட்டாலே எரிகிறது. வரம்பை மீறிய கரண்ட் இன்னும் அதே வழியில்தான் ஓடுகிறது என்பதால் இதுவும் ஒருநாள் கருகும். இப்போது ஒரு நட்சத்திரத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிடிப்பதில்லை. 5 மி.மீ. சுவிட்சுகள் மீதி ஒன்பது, லேசர் டப்பாவிலேயே இருக்கின்றன.