ஆண்டு சொல்லாத கேள்விகள்: பேரரசுகளைப் பற்றிய ஒரு வினாடி வினாப் பெட்டி

காலனிப் பேரரசுகளின் நிலவியலையும், அவற்றிடமிருந்து விடுதலை பெற்ற நாடுகளின் தலைவர்களையும் மட்டுமே பொருளாகக் கொண்ட ஒரு வினாடி வினாப் பெட்டி தமிழில் வந்திருக்கிறது என்பதே பாராட்டத்தக்க செய்தி. பொது அறிவு என்ற பெயரில் நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் போட்டித் தேர்வு நூல்களைப் பிழிந்தெடுத்தவை. ஒரு நாட்டின் நாணயம், ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர், ஒரு நதியின் நீளம் என்று எல்லாவற்றையும் தொட்டு எதிலும் நிற்காமல் ஓடுகிறவை அவை. ஒரே துறைக்குள் இறங்கி, வீட்டுக் கூடத்தில் இரண்டு அணியாக உட்கார்ந்து விளையாடும்படி செய்திருக்கும் இந்தப் பெட்டி அந்த வகையில் தனித்து நிற்கிறது. இது ஒரு சிறிய பதிப்பகத்தின் முயற்சி. கீழே சில குறைகளை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பெயரைத் தவிர்த்திருக்கிறேன். புத்தகக் கண்காட்சிகளில் புரட்டிப் பார்த்தவர்கள் விவரத்தைக் கொண்டே கண்டுகொள்வார்கள்.

பெட்டிக்குள் இரு நிற அட்டைகள் இருக்கின்றன: நீல அட்டைகள் நிலத்துக்கு, சிவப்பு அட்டைகள் தலைவர்களுக்கு. மடித்து விரிக்கக்கூடிய உலக வரைபடம் ஒன்றும், ஒரு மணல் கடிகாரமும், விதிகளைச் சொல்லும் சிறு துண்டறிக்கையும் உடன் வருகின்றன. ஒவ்வொரு அட்டையிலும் மூன்று குறிப்புகள். முதல் குறிப்பிலேயே விடை சொன்னால் மூன்று புள்ளி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. நிலக் கேள்வி என்றால் வாயால் சொன்னால் போதாது, வரைபடத்தில் விரல் வைத்தும் காட்ட வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே தயாரித்தவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கலாம். பெயரை மனப்பாடம் செய்தவர் அங்கே தடுமாறுவார்; வரைபடத்தை ஒருமுறையேனும் நிதானமாகப் பார்த்தவர் வெல்வார்.

நிலமும் தலைவரும் ஒரே அட்டையில் சந்திக்கும் இடங்களில்தான் பெட்டி உச்சத்தைத் தொடுகிறது. நமீபியாவின் வடகிழக்கு மூலையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டிருக்கும் காப்ரிவி நிலத்துண்டைப் பற்றிய அட்டை இதற்கு நல்ல சான்று. பிஸ்மார்க்கை அடுத்து ஜெர்மனியின் சான்சலராக வந்த லியோ வான் காப்ரிவி, 1890இல் பிரிட்டனுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். சான்சிபார் மீது பிரிட்டனுக்கு இருந்த உரிமையை ஜெர்மனி ஏற்றது; பதிலுக்கு வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து தீவும், ஜாம்பேசி ஆற்றைத் தொடும் இந்த நிலத்துண்டும் ஜெர்மனிக்குக் கிடைத்தன. ஆற்று வழியாகவே இந்தியப் பெருங்கடலை அடைந்துவிடலாம் என்பது கணக்கு. கீழே விக்டோரியா அருவி குறுக்கே விழுந்துகொண்டிருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் குறிப்பு அருவியையும், இரண்டாவது தீவையும், மூன்றாவது சான்சலரையும் சொல்கிறது. விடை தெரியாதவரும் மூன்றாவது குறிப்பு முடிவதற்குள் வரைபடத்தில் அந்த விசித்திரமான நீட்சியைக் கண்டுபிடித்துவிடுவார். 2013இல் நமீபிய அரசு அந்த நிர்வாகப் பகுதிக்கு ஜாம்பேசி என்று பெயர் மாற்றியதையும் விடைப்பக்கம் சொல்லிவிடுகிறது.

சலாசர் அட்டையும் இதே தரத்தில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி, அதாவது இன்றைய பெனின், பிரான்சிடமிருந்து 1960இல் விடுதலை பெற்றபோது, அதன் கடற்கரையில் ஒரேயொரு கோட்டையை மட்டும் போர்ச்சுக்கல் தன் மண் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1961 ஆகஸ்டில் தகோமி அரசு அதைக் கைப்பற்றியது. அங்கிருந்த போர்ச்சுக்கீசிய அதிகாரிகள் கிளம்பும்முன் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கோவாவும் போனது. இரு இழப்புகளின்போதும் லிஸ்பனில் பிரதமராக இருந்தவர் யார் என்பது கேள்வி. 1932 முதல் 1968 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் சலாசர். கோவா மீதான இந்தியாவின் இறையாண்மையை போர்ச்சுக்கல் ஏற்றுக்கொண்டது 1974இல், அங்கே புரட்சி நடந்த பிறகுதான்.

தலைவர் அட்டைகளில் என்னைக் கவர்ந்தது குவாமே நிக்ருமாவைப் பற்றியது. கோல்ட் கோஸ்ட் என்றிருந்த நாட்டை 1957 மார்ச் 6 அன்று கானாவாக்கியவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆகவே அதை மூன்றாவது குறிப்பாக்கியிருக்கிறார்கள். முதல் குறிப்பு, ஒரு நாட்டில் ஆட்சியை இழந்தபின் வேறொரு நாட்டின் இணைக் குடியரசுத் தலைவராக அறிவிக்கப்பட்டவர் என்கிறது. 1966இல் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது இராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொள்ள, கினியின் குடியரசுத் தலைவர் சேகு தூரே அவருக்குப் புகலிடம் தந்து அந்தப் பட்டத்தையும் கொடுத்தார். கேள்வி தயாரிப்பவருக்கு வேண்டிய வரிசை உணர்வு இதுதான்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பேரரசுகளைப் பற்றிய ஒரு கேள்வியில் ஆண்டு இல்லையென்றால், பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. இதைத் தயாரித்தவர்கள் பாதி அட்டைகளில் உணர்ந்திருக்கிறார்கள், மீதிப் பாதியில் மறந்திருக்கிறார்கள். மலாக்கா எந்த ஐரோப்பிய நாட்டின் வசம் இருந்தது என்று ஓர் அட்டை கேட்கிறது. போர்ச்சுக்கல் என்று விடையும் தருகிறது. 1511இல் பிடித்தது போர்ச்சுக்கல்தான். 1641இல் அதை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1824 உடன்படிக்கையின்படி, சுமத்ராவிலிருந்த பென்கூலனை டச்சுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு பிரிட்டன் மலாக்காவை எடுத்துக்கொண்டது. மூன்று நாடுகளில் எதைச் சொன்னாலும் சரிதான் என்னும்போது, ஒன்றை மட்டும் சரி என்று அச்சிட்டால் விளையாட்டு வாக்குவாதத்தில்தான் முடியும். காமரூன் அட்டையிலும் இதே கதை: 1884 முதல் ஜெர்மனி, முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சும் பிரிட்டனும் பங்கு போட்டவை, 1961 வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் பகுதியின் வடபாதி நைஜீரியாவோடும் தென்பாதி காமரூனோடும் சேர்ந்தவை. இவ்வளவையும் பிரான்ஸ் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டார்கள்.

ஏடன் எங்கிருந்து ஆளப்பட்டது என்ற கேள்விக்கு லண்டன் என்று இருக்கிறது. 1839இல் கைப்பற்றப்பட்டது முதல் பம்பாயிலிருந்தும், பிறகு சில ஆண்டுகள் இந்திய அரசின் நேரடிப் பொறுப்பிலும் இருந்த ஏடன், 1937 ஏப்ரல் 1 அன்றுதான் தனிக் காலனியானது. அதே நாளில்தான் பர்மாவும் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ஓர் ஆண்டை மட்டும் சேர்த்திருந்தால், அரபு நாட்டுத் துறைமுகமும் இரங்கூனும் ஒரே நாளில் இந்திய வரைபடத்திலிருந்து விலகியதைக் கேட்கும் அருமையான அட்டையாக அது மாறியிருக்கும்.

சிவப்பு அட்டைகளில் இதே சிக்கல் ‘முதல்’ என்ற வடிவில் வருகிறது. பதவியைச் சொல்லாமல் ஒரு நாட்டின் முதல் தலைவர் யார் என்று கேட்பது கேள்வியே அல்ல. பாகிஸ்தானுக்கு முதல் கவர்னர் ஜெனரல் ஜின்னா, முதல் பிரதமர் லியாகத் அலி கான், முதல் குடியரசுத் தலைவர் 1956இல் வந்த இஸ்கந்தர் மிர்சா. பிலிப்பைன்ஸுக்கு 1899இல் அகினால்டோ, அமெரிக்க ஆட்சியின் கீழ் 1935இல் கேசோன், 1946 விடுதலையின்போது ரோஹாஸ். எவரைக் கேட்கிறீர்கள்? ஜிம்பாப்வே அட்டையோ நேரடியாகவே பிழை. முதல் குடியரசுத் தலைவர் முகாபே என்று அச்சாகியிருக்கிறது. 1980இல் அவர் பிரதமர். 1987 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் கனான் பனானா. வினாடி வினா நடத்துபவர்கள் வழக்கமாக வைக்கும் பொறியில் அதைத் தயாரித்தவர்களே விழுந்திருக்கிறார்கள்.

இதைவிட வருத்தம் தருவது இந்திய அட்டை. கடைசி கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் என்கிறது. 1948 ஜூனிலிருந்து 1950 ஜனவரி 26 வரை அந்தப் பதவியில் இருந்தவர், ஒரு காலத்தில் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்த ராஜாஜி. வேறு எந்த மொழியில் அச்சான பெட்டியில் அவர் விடுபட்டிருந்தாலும் மன்னிக்கலாம். கடைசி கவர்னர் ஜெனரலே முதல் குடியரசுத் தலைவராகவும் ஆனவர்கள் என்ற நல்ல கேள்வியை பாகிஸ்தானின் மிர்சாவையும், 1972இல் இலங்கையின் வில்லியம் கோபல்லாவையும் வைத்து எழுதியிருக்கலாம். அதுவும் இல்லை.

1667 பிரேடா உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் நியூ ஆம்ஸ்டர்டாமை, அதாவது இன்றைய நியூயார்க்கைக் கொடுத்து, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பாண்டா தீவுக்கூட்டத்தின் ரன் தீவையும் தென்னமெரிக்காவின் சூரினாமையும் மாற்றாகப் பெற்றார்கள் என்று ஓர் அட்டை சொல்வது பொதுவாக நிலவும் கருத்து என்பதால் பிழை என்று அடித்துவிட மாட்டேன். உண்மையில் போரில் யார் எதைப் பிடித்திருந்தார்களோ அதை அவரவர் வைத்துக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. 1673இல் டச்சுக்காரர்கள் நியூயார்க்கை மீண்டும் பிடித்து, அடுத்த ஆண்டே திருப்பித் தந்தார்கள் என்பதையும் சேர்த்தால் இந்த அட்டை இன்னும் சுவைக்கும்.

பேரரசு என்றாலே பிரிட்டன் என்ற சாய்வு பெட்டி முழுவதும் தெரிகிறது. பிரான்சுக்கும் போர்ச்சுக்கலுக்கும் ஓரளவு இடமிருக்கிறது. பெயரில் ‘கினி’ வரும் நான்கு நாடுகளை அவற்றை ஆண்ட நாடுகளோடு பொருத்தச் சொல்லும் அட்டை, பிரான்ஸ், போர்ச்சுக்கல், ஸ்பெயின், ஆஸ்திரேலியா என்று வெவ்வேறு விடைகளைக் கேட்பதால், நல்ல விலக்கு. ஆனால் தைவானை 1895 முதலும் கொரியாவை 1910 முதலும், 1945 வரை ஆண்ட ஜப்பானைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. டென்மார்க்குக்கு ஒரே அட்டை, அதுவும் 1917இல் அமெரிக்காவுக்கு விற்ற கரீபியன் தீவுகளைப் பற்றியது.

டென்மார்க் என்றதும் தமிழ் வாசகர் எதிர்பார்ப்பது தரங்கம்பாடியைத்தானே. சோழமண்டலக் கரையைத் தயாரித்தவர்கள் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1750ஆம் ஆண்டில் கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து தெற்கே நடந்தால், முந்தைய ஆண்டில் ஆங்கிலேயர் பெற்ற தேவிக்கோட்டை, 1620 முதல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி, 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த காரைக்கால், 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த நாகப்பட்டினம் என்று நான்கு ஐரோப்பியக் கொடிகளைக் கடந்திருக்கலாம். இவ்வளவு நெருக்கமான ஒரு கடற்கரைத் துண்டு உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது என்று நினைக்கிறேன். சென்னையைப் பற்றி மட்டும் ஒரு நல்ல அட்டை இருக்கிறது. மொரீஷியஸின் ஆளுநராக இருந்த லா பூர்தொனே 1746இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். 1748 சமாதானத்தில் கனடாவின் லூயிபூர்க் கோட்டைக்கு ஈடாக அது ஆங்கிலேயருக்குத் திரும்பியது. போர்ட் லூயி, சென்னை, லூயிபூர்க் மூன்றையும் வரைபடத்தில் காட்ட வேண்டும்.

வரைபடத்தின் தாள் உறுதியானது, மடிப்பில் கிழியவில்லை. ஆனால் இன்றைய எல்லைகளை மட்டும் காட்டுகிறது. 1914இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர ஆப்பிரிக்கா முழுவதும் ஐரோப்பியர் கையில் இருந்ததைக் கேட்கும் அட்டைக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்ட இன்றைய நாடுகள் அச்சான வரைபடம் உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். 1914இன் எல்லைகளை அச்சிட்ட கண்ணாடித்தாள் ஒன்றை மேலே விரிக்கக் கொடுத்தால் போதும். அட்டைகளின் விடைப்பக்க எழுத்து மிகச் சிறியது. மாலை விளக்கில் மூத்தவர்கள் படிக்கச் சிரமப்படுகிறார்கள். மணல் கடிகாரம் அவசரப்படுத்துகிறது. நாங்கள் அதை ஒதுக்கிவிட்டோம்.

எண்ணூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலை, உள்ளடக்கத்தோடு ஒப்பிட்டால் அதிகமில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், வினாடி வினா மன்றம் நடத்தும் பள்ளி நூலகத்துக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கும் சிறியவர்களுக்குச் சிவப்பு அட்டைகள் சலிப்பூட்டும். நீல அட்டைகளையும் வரைபடத்தையும் மட்டும் கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் விளையாடும்முன் ஒருமுறை அட்டைகளைப் புரட்டி, ஆண்டு இல்லாத கேள்விகளின் ஓரத்தில் பென்சிலால் ஆண்டைக் குறித்துக்கொள்வது நல்லது. ஜிம்பாப்வே அட்டையையும் கவர்னர் ஜெனரல் அட்டையையும் எடுத்துத் தனியே வைத்துவிடலாம்.