சமையல் காஸ் சிலிண்டர் தன் ஆபத்தை நமக்குப் புரியும்படி சொல்கிறதா?

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை விலைக்காகவும், எத்தனை நாள் வருகிறது என்பதற்காகவும் எடைபோடுகிறோம். அது தன் ஆபத்தைப் பற்றி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்பதை வைத்தும் எடைபோட வேண்டும். சிலிண்டரின் தலைப்பகுதியில் எழுத்து இருக்கிறது, வால்வின் மேல் மூடி இருக்கிறது, ஆரஞ்சு டியூபில் தேதி இருக்கிறது, காஸுக்குள்ளேயே ஒரு வாடை இருக்கிறது. எல்லாமே எச்சரிக்கைகள்தான். ஆனால் அடுக்களையில் நிற்பவருக்கு எட்டுவது இவற்றில் பாதிதான்.

மிகச் சிறந்தது வாடை. அதற்குத் தாராளமாக முழு மதிப்பெண் தரலாம். காஸுக்குச் சொந்த மணம் ஏறத்தாழ கிடையாது; நமக்கு வரும் அந்த அழுகிய நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற ரசாயனம், வேண்டுமென்றே சேர்ப்பது. காற்றில் 100 பங்குக்கு சுமார் 1.8 பங்கு காஸ் கலந்தால்தான் தீப்பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 பங்கு அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்ற கணக்கில் வாடை சேர்க்கிறார்கள். படிக்கத் தெரிய வேண்டாம், மொழி வேண்டாம், கண்ணாடி போட வேண்டாம். இந்த வழக்கம் பரவியதற்குப் பின்னால் பெரிய துயரம் உண்டு. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் பள்ளியில், வாடையே இல்லாத இயற்கை எரிவாயு தரைக்கு அடியில் தேங்கி வெடித்து, சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். சில வாரங்களில் அந்த மாநிலம் எரிவாயுவில் வாடை சேர்க்கச் சட்டம் போட்டது. ஆபத்தை எப்படிச் சொல்வது என்று ஓர் அரசு யோசித்து, மிக எளிய வழியைத் தேர்ந்த தருணம் அது.

வாடைக்கும் குறை உண்டு. அடுக்களையிலேயே நின்றுகொண்டிருந்தால் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். வாடை குறைந்ததுபோல் இருந்தால் காஸ் குறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. வெளியே போய் நல்ல காற்றை வாங்கிவிட்டு வருபவர்தான் சரியாகச் சொல்ல முடியும். காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால் தரையோடு பரவும், நின்றிருப்பவர் மூக்குக்குத் தாமதமாகத்தான் வரும். இன்னொன்று பலர் கவனிக்காதது. மெர்காப்டன் காஸைவிட மெதுவாக ஆவியாகும். அதனால் சிலிண்டர் தீரும் நேரத்தில் அடியில் மிஞ்சும் திரவத்தில் அதன் பங்கு கூடிவிடும், வாடை தூக்கலாக வரும். 'தீரப்போகுது, அதான் நாறுது' என்று சொல்லிப் பழகிய வீட்டில், உண்மையான கசிவுக்கும் அதே பதில்தான் கிடைக்கும். தீரும் நேரமாக இருந்தாலும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிடுவதுதான் சரி.

அடுத்து, மிக மோசமானது: கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் பெயின்டில் எழுதிய ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். 'சி 28' என்றால் 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டர் சட்டப்படியான அழுத்தச் சோதனைக்குப் போக வேண்டும். இந்தக் குறியீடு நிரப்பும் ஆலையில் வேலை செய்பவருக்காகப் பிறந்தது. வரிசையில் நகரும் சிலிண்டர்களை ஒரே பார்வையில் பிரித்தெடுக்க அவருக்கு இது கச்சிதமாக உதவும். வீட்டுக்காரருக்கு இது புதிர். அந்தப் புதிருக்கு வாட்ஸ்அப் தானாக ஒரு விடை கொடுத்து, 'காலாவதித் தேதி' என்று பெயரும் வைத்துவிட்டது. சிலிண்டர் மருந்து மாத்திரை மாதிரி அந்தத் தேதியில் கெட்டுப்போவதில்லை. சோதனைக்கான கெடு அது. கெடு தாண்டிய சிலிண்டரை நிரப்பி அனுப்பியிருக்கக் கூடாது என்பதால், வாங்காமல் திருப்பி அனுப்புவது முழுக்க நியாயம். ஏற்கெனவே அடுப்பில் இணைத்திருப்பது கெடுவைத் தொட்டுவிட்டது என்று நள்ளிரவில் பதறத் தேவையில்லை. 'சோதனைக் கெடு: செப்டம்பர் 2028' என்று தமிழில் எழுத இன்னும் கொஞ்சம் பெயின்ட் போதும். ஆலைக்கு அந்த எழுத்தும் எண்ணும் அப்படியே இருக்கட்டும், கூடவே இதையும் எழுதலாமே?

வால்வின் மேல் நைலான் நூலோடு இருக்கும் மூடி நல்ல வடிவமைப்பு, ஆனால் அதன் வேலை என்ன என்பதை அது சொல்வதே இல்லை. சீல் உடைந்ததும் குழந்தைகள் விளையாட எடுத்துப் போகிறார்கள், அல்லது குப்பைக்குப் போகிறது. உண்மையில் அது அவசரத்துக்கான கருவி. வால்வு கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியை அழுத்திப் பொருத்தினால் கசிவு அடங்கும். அதனால்தான் நூல், கைப்பிடியில் கட்டித் தொங்கவிடத்தான் அது.

சிலிண்டர் வந்ததும், கொண்டுவந்தவர் இருக்கும்போதே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். வால்வின் வாயில் சோப்பு நுரை வைத்தால் குமிழி வருகிறதா? வந்தால் வால்வுக் கோளாறு. உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் முழுசாக இருக்கிறதா? அது இல்லாவிட்டாலோ விரிசல் விட்டிருந்தாலோ, ரெகுலேட்டரை மாட்டித் திருகியைத் திறந்த பிறகுதான் கசியும். ஆகவே முதல் சோதனையில் குமிழி வரவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. மாட்டிய பிறகும் ஒருமுறை நுரை தடவ வேண்டும். தீக்குச்சியைப் பற்றவைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, ஒருபோதும் கூடாது.

ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபுக்கு நடுத்தர மதிப்பெண். உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் இருப்பதால் எலி கடித்தாலும் தாங்கும். ஆயுள் 5 ஆண்டு, அதற்கான தேதி டியூப் மேலேயே அச்சாகியிருக்கும். ஆனால் சிறிய எழுத்தில், பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடி, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில். மாட்டிய அன்றே 'இந்த மாதம், இந்த ஆண்டு மாற்ற வேண்டும்' என்று ஒரு சீட்டில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிடலாம். அழகுக்காகத் துணி உறை போடுவது தேதியையும் மறைக்கும், விரிசலையும் மறைக்கும். அடுப்பு முனையில் சுலபமாக ஏறட்டும் என்று டியூப் நுனியைத் தீயில் வாட்டுவது பெரிய தவறு; விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கையேட்டு வாசகங்களில் ஒரு வரிக்கு உடனடித் திருத்தம் வேண்டும். கசிவின்போது 'மின்சாதனங்களை இயக்க வேண்டாம்' என்று எழுதுவது வழக்கம். படிப்பவருக்கு இது 'போடாதே' என்று மட்டும்தான் கேட்கும். எரிந்துகொண்டிருக்கும் விளக்கை நல்ல எண்ணத்தில் அணைப்பார். அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் பொறி பறக்கும். காஸை வெளியே தள்ளட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுபவரும் நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார். 'எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; எக்ஸாஸ்ட் ஃபேனையும் தொடாதீர்கள்' என்றால் சந்தேகமே வராது. அதைப்போலவே, நீளமான பட்டியலில் கசிவு பற்றிய வரி நடுவில் ஒளிந்திருக்கக் கூடாது. செய்ய வேண்டிய வரிசைதான் எழுதும் வரிசையாக இருக்க வேண்டும். தீயை, சாமி விளக்கு உட்பட, அணை. ரெகுலேட்டர் திருகியை மூடு. வாசல் கதவையும் ஜன்னல்களையும் திற. ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போடு. எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், அங்கிருந்து 1906-ஐ அழை. அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் விறகடுப்பிலிருந்து நேராகக் காஸுக்கு மாறிய குடும்பங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. விறகில் புகை வந்தால் கண் எரியும், தீ கண்ணுக்குத் தெரியும். காஸ் தெரியாது. இந்த வேறுபாட்டை வாசகமாக எழுதினால் போதாது, படமாகக் காட்ட வேண்டும். கொள்கை வகுப்பவர்களிடம் கேட்க ஒன்று உண்டு: எந்த எச்சரிக்கையையும் அச்சடிப்பதற்கு முன், அதை எழுதாத இருபது வீட்டுக்காரர்களிடம் கொடுத்து, 'இப்போது என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். தவறாகச் செய்துகாட்டினால் திருத்த வேண்டியது வாசகத்தை.

காப்பீட்டு விஷயமும் இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. அரசு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் பொதுக் காப்பீட்டில் இறப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த வீட்டில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்று அரசு சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது 50 லட்சம்.

வயதாலோ நோயாலோ வாடை அறிய முடியாதவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, கசிவறியும் கருவி ஒன்று வாங்குவது நல்லது. பொருத்தும் உயரம் முக்கியம். சிலிண்டர் காஸுக்குத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வைக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்குக் கூரையை ஒட்டி. சிலிண்டர் வீட்டில் கருவியைப் பரணுக்குப் பக்கத்தில் மாட்டினால் காஸ் அடுக்களை முழுக்க நிறையும் வரை அது வாய் திறக்காது.