செடானுக்கு 20 மில்லிமீற்றர் ஸ்பேசர்: ஆறு மாத ஓட்டத்துக்குப் பிறகு

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சொந்தபந்தம் வைத்திருக்கிறவர் செடான் வாங்கினால் என்ன பாடு என்று எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. கல்லடியில் ஓடும்போது ராசா மாதிரித்தான். மண்முனைப் பாலம் தாண்டி உள்வீதிக்குள் இறங்கினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் 'கறக்' என்று ஒரு சத்தம், மாமியும் பிள்ளைகளும் இறங்கி நடந்து அந்தப் பக்கம் வந்து ஏறுவார்கள்.

வெறும் காரில் டேப் பிடித்து அளந்தேன், தாழ்ந்த இடம் 14 சென்றிமீற்றர். பின் சீற்றில் மூன்று பேர், டிக்கியில் ஒரு மூடை அரிசி என்று ஏற்றிவிட்டுப் பார்த்தால் 12கூட இல்லை. சரி, டயரை மாற்றுவோம் என்றால் 185/60 அளவில் இருந்து ஒரு படி உயரமான 185/65க்குப் போனாலும் கார் உயர்வது 9 மில்லிமீற்றர்தான், டயர் பெருக்கிறதில் பாதிதானே அடியில் கிடைக்கும். மறுகாதான் ஸ்பேசர், அதாவது காரை உயர்த்த சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கிற தடித்த வளையம்.

டவுனில் ஒரு கராஜில் நாலு பக்கமும் போட்டார்கள், கூலியோடு 14,000 ரூபா. "30 போடுவமே அண்ணன்" என்று கேட்டார் கராஜ் தம்பி. முன் ஆக்ஸில் சரிந்து அதன் மூட்டை மூடியிருக்கிற றப்பர் பூட் கிழியும் என்ற பயத்தில் 20 போதும் என்றேன். வேலை சுத்தம். ஆனால் சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்க, இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் தனிக் காசு கொடுத்துச் செய்தேன்.

முன் பம்பர் இப்போது எங்கேயும் இடிப்பதில்லை, கிரவல் வீதியில் கல் தட்டுவதும் குறைந்துவிட்டது. நடுவயிறுதான் இன்னும் பிரச்சினை. செடானில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கூட, அதனால் கூனலான தடையில் முன் சக்கரம் இறங்கியதும் நடு அப்படியே உட்கார்ந்துவிடும், அதற்கு இந்த 2 சென்றிமீற்றர் காணாது. அங்கெல்லாம் காரைச் சரித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றித்தான் எடுக்கிறேன். பின்னால் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

கொழும்புக்குப் போகும்போது வெலிக்கந்தை தாண்டி வளைவுகளில் முன்னைவிடக் கொஞ்சம் சாய்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை. நெடுகத் தார் வீதியில் ஓடுகிறவர் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு வாரம் ஒருதரம் போகிறவர் கட்டாயம் போடலாம். ஸ்பேசர் போட்டாச்சு என்று மாரியில் தண்ணிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், 2024 கார்த்திகை வெள்ளத்துக்கு 2 சென்றிமீற்றர் எந்த மூலைக்கு?

மாமி இப்போது மூன்று இடத்தில் மட்டும்தான் இறங்குகிறார்.