சார்ஜரைக் குறை சொல்லுமுன் ஜெனரேட்டரை அளந்து பாருங்கள்

12 வோல்ட் ஈய அமில பேட்டரிகளுக்காக வாங்கிய 20 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜரைப் பல ஆண்டுகளாகச் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் இயக்கிவருகிறேன். நல்ல கருவி. 14.4 வோல்ட் வரை ஏற்றும்; பேட்டரி நிறைந்ததும் 13.6 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும். அப்படி உழைத்த சார்ஜர், திடீரென்று விளக்குகூட எரியாமல் அடங்கிப்போனது.

வீட்டு மின்சாரத்தில் செருகியும் உயிர் வரவில்லை. இணைப்பை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தேன். அதன் பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். அது வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்க்காமல் கை வைக்கவே கூடாது. கண்ணாடி ஃபியூஸ் உட்புறம் கறுத்திருந்தது. கம்பி மட்டும் உருகி, கண்ணாடி தெளிவாக இருந்தால் சுமை சற்று கூடியது என்று கொள்ளலாம். இப்படிக் கறுத்தால் பெரும்பாலும் ஷார்ட்தான். பக்கத்திலேயே வேரிஸ்டர் பிளந்து கிடந்தது. மின்னழுத்தம் எகிறும்போது அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பதே அதன் வேலை. அது வெடித்திருக்கிறதென்றால் சார்ஜருக்கு வெளியேதான் காரணத்தைத் தேட வேண்டும்.

சுமையில்லாமல் ஜெனரேட்டரை ஓடவிட்டு அளந்தேன்: 230 இருக்க வேண்டிய இடத்தில் 258 வோல்ட். மீட்டரை ஹெர்ட்ஸுக்கு (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவுக்கு) மாற்றியதும் விஷயம் வெளிச்சமானது: 56. இரு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் போதும். இது 3,360 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பழுது பார்த்த இடத்தில் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். கெபாசிட்டரால் மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வகை ஜெனரேட்டர் இது. வேகம் ஏறினால் வோல்ட்டும் கூடவே ஏறும். அதே இணைப்பில் ஓடும் தண்ணீர் மோட்டார் சட்டென்று நிற்கும்போது இன்னும் மேலே தாவும். சார்ஜர் அந்த அடிகளை எத்தனை காலம் தாங்கியதோ!

ஸ்பிரிங்கைத் தளர்த்திச் சுமையில்லாத நிலையில் 52 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன். சுமை ஏறியதும் 50க்கு அருகில் நிற்கிறது. சார்ஜரில் அதே அளவுள்ள ஃபியூஸும் வேரிஸ்டரும் மாற்றினேன். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க, 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்தேன். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் டயோடு பாலமோ சுவிட்சிங் டிரான்சிஸ்டரோ போயிருக்கும். என்னுடையது மங்கியது.

பழுதுக்குப் பிறகும் பழைய வேகத்திலேயே ஏற்றுகிறது. ஜெனரேட்டர் கிளம்பிச் சீரான பிறகே சார்ஜரைச் செருகுகிறேன். மோட்டாரையோ ஜெனரேட்டரையோ நிறுத்துமுன் கழற்றிவிடுகிறேன். புதிதாக ஜெனரேட்டர் வாங்குகிறவர்களுக்கு இன்வெர்ட்டர் வகையைத்தான் சொல்வேன். விலை கூடுதல்தான், ஆனால் எஞ்சின் வேகம் மாறினாலும் அதன் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் மாறுவதில்லை.