அப்லோடு ஓடும்போது போனைப் பையில் போடலாமா? ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரரின் அனுபவம்

மதுரையில் கல்யாண வீடியோ, போட்டோ எடுப்பது என் தொழில். முன்பெல்லாம் மெமரி கார்டை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்போம். இப்போது மாப்பிள்ளை பொண்ணு பந்தியில் உட்காருவதற்குள் துபாயில் இருக்கிற தாய்மாமனுக்குத் தாலி கட்டிய கிளிப் போயாக வேண்டும். கேமராவிலிருந்து போனுக்கு, போனிலிருந்து மேலே என்று மண்டபத்தில் நின்றபடியே ஏற்றுகிறோம். வாடிக்கையாளருக்குப் போட்டோ காட்ட ஒரு கேலரி ஆப், முழு பேக்கப்புக்கு ஒரு கிளவுட் ஆப், அவசரத்துக்கு வாட்ஸ்அப். சில வருஷமாக ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இவற்றைப் போட்டு அடித்திருக்கிறேன். கேலரி ஆப்பை ஒருமுறை மாற்றியும் ஆகிவிட்டது. விலையும் இடமும் எல்லோரும் எழுதுகிறார்கள். வேலை பின்னணியில் ஓடும்போது ஆப் எனக்கு என்ன சொல்கிறது என்பதைப் பற்றித்தான் இது.

நான் அந்த நேரத்தில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். போனைப் பூட்டிப் பையில் போட்டுவிட்டு அடுத்த சடங்கைப் பிடிக்கப் போகலாமா, இல்லை திரையைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் காக்க வேண்டுமா? பெரும்பாலான ஆப்கள் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்கின்றன. வட்டம் சுற்றுகிறது, பட்டை நகர்கிறது, பெர்சன்ட் ஏறுகிறது. ஆனால் "நீங்கள் போகலாம்" என்று ஒரு வரி வராது.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு முகூர்த்தம். ஒன்றே கால் ஜிபி கிளிப். பட்டை மளமளவென்று ஓடி 99-க்கு வந்து நின்றுகொண்டது. மேடையில் மெட்டி போடக் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் பொண்ணோட சித்தப்பா.

"என்ன தம்பி, போயிருச்சா?"

"தொண்ணூத்தொம்பதுல நிக்குதுண்ணே."

"அப்ப இன்னும் ஒண்ணுதானே. அதுக்கு எதுக்கு இம்புட்டு நேரம்?"

நியாயமான கேள்வி. அந்தப் பட்டை எண்ணிக்கொண்டிருந்தது போனை விட்டு வெளியேறிய பைட்டுகளை மட்டும். அவை போய்ச் சேர்ந்த பிறகு சர்வர் துண்டுகளை ஒட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும், வீடியோ என்றால் வேறு வேறு அளவுகளில் மாற்றி வைக்க வேண்டும். அதற்கு ஆகிற நேரம் போன் அனுப்பிய நேரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். அதையெல்லாம் கடைசி ஒரு பெர்சன்டுக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். நான் நின்றுகொண்டிருந்தபோது என் போனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது வைத்திருக்கிற கேலரி ஆப்பில் இதற்கு இரண்டு நிலை இருக்கிறது. அனுப்பும்வரை பட்டை ஓடும். அனுப்பி முடித்ததும் பட்டை காணாமல் போய், "அனுப்பியாயிற்று. வீடியோவைத் தயார் செய்கிறோம். ஆப்பை மூடலாம்" என்று வரும். இந்த மூன்று வாக்கியத்துக்காகவே ஆண்டுச் சந்தா கட்டலாம் என்பேன். கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

கடைசியில் நின்றால் எரிச்சல் அதிகம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2007-ல் கிறிஸ் ஹாரிசன் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரே நேரம் எடுக்கிற பட்டைகளை வேறு வேறு விதமாக நகரவிட்டு ஆட்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவை நெருங்கும்போது வேகமெடுக்கிற பட்டை சீக்கிரம் முடிந்ததாகவும், கடைசியில் தயங்குகிற பட்டை இழுத்ததாகவும் தோன்றியது. அதற்கும் வெகு முன்பு, 1985-லேயே, பிராட் மையர்ஸ் என்பவர் இப்படிப் பட்டை காட்டுவது பயனருக்குப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறார். பத்து வினாடிக்கு மேல் இழுக்கிற எந்த வேலைக்கும் எவ்வளவு முடிந்தது என்று காட்டு என்பது, பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1993-ல் சொன்ன கணக்கு. இதெல்லாம் பயனர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலத்துக் கணக்கு. நான் உட்காருவதே இல்லை.

போனைப் பூட்டினால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு இதில்தான் சண்டை. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-லிருந்து, திரை அணைந்து, சார்ஜர் இல்லாமல், அசையாமல் கிடக்கிற போன் தூங்கப் போய்விடும். பின்னணி ஆப்களுக்கு நெட்டை அது மூடிவிடும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8, திரையை விட்டுப் போன ஆப் பின்னணியில் இஷ்டத்துக்கு ஓடுவதை நிறுத்தியது. நீண்ட வேலை ஓட வேண்டுமானால் மேலே ஒரு நோட்டிபிகேஷன் போட்டு, பயனர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓட வேண்டும். ஆகவே அந்த நோட்டிபிகேஷனை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. அது இருந்தால் பையில் போடலாம், இல்லையென்றால் சந்தேகம்தான்.

ஐபோனில் கதை வேறு. ஆப்பை விட்டு வெளியே வந்தால் அதற்குக் கிடைப்பது சுமார் 30 வினாடி. ஆனால் ஆப் எழுதியவர் கோப்பைச் சிஸ்டத்திடம் ஒப்படைத்திருந்தால், ஆப் தூங்கினாலும் சிஸ்டமே அனுப்பி முடித்துவிடும். இதில் ஒரு கூத்து உண்டு. கோப்பு போய்க்கொண்டே இருக்கும், ஆப் தூங்குவதால் அதன் பட்டை மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கும். திரும்பத் திறந்தால் 34 என்று காட்டும், இரண்டு வினாடி கழித்து 90-க்குத் தாவும். அந்த இரண்டு வினாடியில் "நின்னுபோச்சு" என்று முடிவு கட்டி, கேன்சல் அமுக்கி, முதலிலிருந்து ஆரம்பிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். திறந்தவுடன் "நிலவரம் பார்க்கிறேன்" என்று காட்டிவிட்டுச் சரியான எண்ணைப் போட்டால் தீர்ந்தது.

அடுத்து, எங்கள் கேமரா பையனின் பழக்கம். போன் கையில் கிடைத்தால் ரீசண்ட்ஸை, அதாவது கடைசியாகத் திறந்த ஆப்களின் பட்டியலைத் திறந்து எல்லா ஆப்பையும் மேலே தள்ளிவிடுவான்.

"ஏன்டா தள்ளுற?"

"சூடாகுதுண்ணே. சார்ஜ் நிக்காது."

ஐபோனில் அப்படித் தள்ளினால், சிஸ்டத்திடம் ஒப்படைத்த அப்லோடும் சேர்ந்து ரத்தாகிவிடும். ஆண்ட்ராய்டில் சில போன்களில் தாக்குப்பிடிக்கும், சில போன்களில் கம்பெனி போட்டு வைத்த பேட்டரி சேவர் அதையும் கொன்றுவிடும். பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கொல்லப்பட்ட ஆப் அடுத்த முறை திறக்கும்போது "பாதியில் நின்றது, 38 படம் போயிருக்கிறது, மீதியை அனுப்பவா?" என்று கேட்டால் போதும். முன்பு வைத்திருந்த கேலரி ஆப் ஒன்றுமே நடக்காத மாதிரி முகப்பைக் காட்டும். போனதா போகவில்லையா என்று ஆல்பத்துக்குள் போய் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அதை விட்டதற்கு முதல் காரணம் அதுதான்.

இதற்கெல்லாம் நான் வைத்திருக்கிற பரீட்சை மீனாட்சி அம்மன் கோயில். 2018-லிருந்து உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. கல்யாண ஜோடி சாமி கும்பிடப் போனால் நாங்களும் போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போவோம். அப்லோடு போட்டு, பூட்டி, கொடுத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வாங்கும்போது பூட்டிய திரையிலேயே பதில் இருக்க வேண்டும்: முடிந்தது, காத்திருக்கிறது, நின்றுவிட்டது, மூன்றில் ஒன்று. பின் நம்பர் போட்டு, ஆப் திறந்து, மெனுவுக்குள் போய்ப் பார்க்கவிடுகிற ஆப் என் கணக்கில் பெயில்.

காத்திருப்பதையும் தோற்றதையும் ஒன்றாகக் காட்டுவது பெரிய பாவம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் நின்று பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். டவர் முழுசாக இருக்கும், ஒரு போட்டோ நகராது. அந்த நேரத்தில் சிவப்பில் "தோல்வி, மீண்டும் முயலவும்" என்று போட்டால் ஆள் என்ன செய்வான்? மறுபடி மறுபடி அமுக்குவான். "நெட் மெதுவாக உள்ளது, கிடைத்ததும் தானாகத் தொடரும்" என்று போட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கிளவுட் ஆப்பில் எனக்குப் பிடித்தது இது. வைஃபைக்காகக் காத்திருந்தால் வைஃபைக்காக என்றே எழுதும், சார்ஜ் குறைந்து நிறுத்தினால் அதையும் எழுதும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது இப்போது அதிசயம் இல்லை. கூகுள் டிரைவின் தொடரக்கூடிய அப்லோடு முறையில், பாதியில் நின்ற வேலைக்கு சர்வர் கொடுத்த முகவரி ஒரு வாரம் வரை செல்லுபடியாகும். அதற்குள் மீதியை அனுப்பினால் போதும். இருந்தும் 80 வரை போன பட்டையை பூஜ்யத்துக்கு இறக்குகிற ஆப்கள் இன்னும் இருக்கின்றன. மண்டபத்தின் தரைக்கடி பார்க்கிங்கில் கார் இறங்கி ஏறினாலே போதும், மொத்தமும் முதலிலிருந்து. டேட்டாவும் வீண், பேட்டரியும் வீண்.

"மீதி நேரம்" என்று காட்டுவதை நான் நம்புவதில்லை. இரண்டு நிமிடம் என்கும், பிறகு நாற்பது என்கும், மறுபடி மூன்று என்கும். மண்டப நெட்டுக்கு ஜோசியம் எடுபடாது. "120-ல் 38 படம்", "1,250 எம்பியில் 640" என்று எண்ணிக் காட்டினால் எனக்குப் போதும். நகர்கிறதா என்று கண்ணுக்குத் தெரிகிறது, எவ்வளவு ஆகும் என்று நானே போட்டுக்கொள்வேன்.

நிலவரம் சொல்வதில் வாட்ஸ்அப்பை மிஞ்ச ஆள் இல்லை. கடிகாரம் என்றால் இன்னும் போனிலேயே இருக்கிறது, ஒரு டிக் என்றால் போய்விட்டது, இரண்டு என்றால் சேர்ந்துவிட்டது. எந்தப் பாட்டியிடமும் விளக்க வேண்டியதில்லை. உசிலம்பட்டியில் ஒரு வீட்டில் அப்பத்தா ஒருவர், "ஒத்த டிக்குதான் விழுந்திருக்கு, அவன் இன்னும் நெட்டே போடல" என்று மகனைப் பற்றிச் சொன்னார். இங்கே போனது, அங்கே சேர்ந்தது என்ற இரண்டையும் பிரித்துக் காட்டியதில்தான் அதன் பலம். பெர்சன்ட் போட்டு அதைச் சாதித்திருக்க முடியாது.

நோட்டிபிகேஷன் அனுமதி ஒரு தனிப் பஞ்சாயத்து. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து ஆப் நம்மிடம் கேட்டுத்தான் நோட்டிபிகேஷன் போட முடியும். நிறுவியதும் முதல் திரையிலேயே கேட்கிறார்கள். விளம்பரத் தொல்லைக்குப் பயந்து எல்லோரும் வேண்டாம் என்று அமுக்குகிறார்கள். பிறகு அப்லோடு குருட்டாட்டமாக ஓடுகிறது. முதல் அப்லோடு போடும்போது, "எவ்வளவு போயிருக்கிறது என்று மேலே காட்டவா?" என்று கேட்டால் யார் மறுப்பார்கள்?

தமிழில் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. எழுத்தைப் பெரிதாக வைத்தால் நோட்டிபிகேஷன் வரி பாதியில் வெட்டுப்படும். எண்ணைக் கடைசியில் போட்டிருப்பதால் முதலில் காணாமல் போவது அதுதான். முடிந்ததா முடியவில்லையா என்பதும் பல சமயம் வெட்டுப்பட்ட பக்கத்தில்தான் இருக்கும். எண்ணை முன்னால் போடுங்கள், முடிவுக்கு நிறம் வேறு ஐகான் வேறு வையுங்கள்.

புதிதாக வந்தவற்றில் சில நல்லவை. ஐபோனில் 2022 முதல் லைவ் ஆக்டிவிட்டி, அதாவது நடக்கிற வேலையின் நிலவரத்தை உடனுக்குடன் காட்டுகிற பெட்டி, பூட்டிய திரையில் ஓடுகிறது. 2025-ல் வந்த ஐஓஎஸ் 26, நாம் தொடங்கிய வேலையை ஆப்பை விட்டு வெளியே வந்த பிறகும் தொடரவிட்டு, அதன் நிலவரத்தைச் சிஸ்டமே காட்ட வழி செய்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 16-லும் கட்டம் கட்டமாக முன்னேற்றம் காட்டுகிற நோட்டிபிகேஷன் உண்டு. ஆர்டர் போட்ட சாப்பாடு எங்கே வருகிறது என்று இதில் காட்ட எல்லா ஆப்காரர்களும் ஓடி வருவார்கள், ஜிபி கணக்கில் ஏற்றுகிற எங்களுக்கு எப்போது வருமோ. மறுபக்கம், ஆண்ட்ராய்டு 15-க்கு ஏற்ப எழுதிய ஆப் தரவு ஒத்திசைவு (டேட்டா சிங்க், பேக்கப் மாதிரி வேலை) என்ற வகையில் பின்னணியில் ஓட 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம்தான். இரவெல்லாம் பேக்கப் ஓடும் என்று படுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கையால் தொடங்கும் பெரிய அனுப்புதலுக்கு ஆண்ட்ராய்டு 14-லேயே தனி வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறார்களா என்று ஆப் வாங்குமுன் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு புகழ்ந்த கேலரி ஆப்பிலும் ஒரு குறை பாக்கி. முடிந்தது என்று வருகிற நோட்டிபிகேஷனைத் தொட்டால் அந்த ஆல்பத்துக்குப் போகாமல் முகப்புக்குப் போகிறது. கார்டை பார்மட் அடிக்குமுன் கடைசிக் கிளிப் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால், லிங்கை வேறு போனில் திறந்துதான் இன்னமும் சரிபார்க்கிறோம். சப்போர்ட்டுக்கு எழுதினேன். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது, பட்டை எதுவும் இல்லாமல்.