பழைய காருக்கு எந்த புஷ்: ரப்பரா, பாலியூரிதேனா?

பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, வேகத்தடை ஏறி இறங்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், முன் டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது. பதினைந்து வருடம் ஓடிய காரில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் லோயர் ஆர்ம் புஷ்களைப் பாருங்கள், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையை வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர் உருளைகளை. ரப்பர் வெடித்து, நடுவில் நிற்க வேண்டிய இரும்புக் குழாய் (ஸ்லீவ்) ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கடப்பாரை முனையால் லேசாக நெம்பினாலே ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டையும் ஷாக் அப்சார்பரையும் அதே நேரத்தில் சோதித்துவிடுங்கள். அவை போயிருந்தால் எந்த புஷ் போட்டாலும் வண்டி திருந்தாது.

புஷ்தான் போயிருக்கிறது என்று உறுதியான பிறகு, பழையபடி ரப்பரா அல்லது பொதுவாக அதைவிடக் கெட்டியான செயற்கைப் பொருளான பாலியூரிதேனா (சுருக்கமாக பாலி) என்ற கேள்வி வருகிறது. முழு செட் பாலி வாங்கி எல்லா இடத்திலும் மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு புஷ்ஷும் அதன் இடத்தில் எப்படி அசைகிறது என்பதைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.

முறுக்குவதும் சுழல்வதும்

தொழிற்சாலை ரப்பர் புஷ் உண்மையில் சுழல்வதே இல்லை. உள் ஸ்லீவும் வெளிக் கூடும் ரப்பரோடு ஒட்டிப் பிறந்தவை. போல்ட்டை இறுக்கியதும் உள் ஸ்லீவ் பிராக்கெட்டோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு பிறகு விடுகிறது. தேய்மானம் கிடையாது, கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. எந்தத் திசையில் சாய்த்தாலும் ஓரளவு வளைந்து கொடுக்கும்.

பாலி புஷ் வேறு ஜாதி. பெரும்பாலும் இரண்டு பாதிகளாக வரும், நடுவில் தனி ஸ்லீவ். அந்த ஸ்லீவ் பாலியின் உள்ளே வழுக்கிச் சுழல வேண்டும். கதவுக் கீலைப் போல ஒரே அச்சில் சுழலும் இடத்தில் இது அருமையாக வேலை செய்யும். பக்கவாட்டில் சாயச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள், எண் கூடக் கூட பொருள் கெட்டி. தொழிற்சாலை ரப்பர் ஏறத்தாழ 50 முதல் 70, சாலைக்கான பாலி 70 முதல் 90, பந்தய வகை 95 வரை. நிறத்தை வைத்துக் கடினத்தைக் கணிக்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி நிறம் கொடுக்கிறார், பொது விதி எதுவும் இல்லை.

எந்த இடத்தில் எது

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரின் புஷ்ஷில் தயக்கமே வேண்டாம், பாலி போடுங்கள். பார் அங்கே ஒரே அச்சில் சுழல்கிறது, வேலையும் சுலபம், வளைவில் வண்டி சாயத் தொடங்கும் அந்த முதல் நொடியிலேயே வித்தியாசம் தெரியும். பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு பாரின் விட்டத்தை வெர்னியரில் அளந்த பிறகே வாங்குங்கள். 1 மி.மீ. பெரிதானால் தட்டும், 1 மி.மீ. சிறிதானால் பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லீஃப் ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளுக்கும் பாலி நன்றாகப் பொருந்தும்.

'எல்' வடிவ லோயர் ஆர்மில் கவனம் தேவை. அதன் முன் புஷ் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும், கிட்டத்தட்ட சுழற்சி மட்டும்தான். அங்கே பாலி போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாகும். பின் புஷ் பல வண்டிகளில் நின்ற வாக்கில், ரப்பருக்குள் வேண்டுமென்றே விட்ட பிறை வடிவ இடைவெளிகளோடு இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இடிக்கும்போது அந்த இடைவெளிதான் அடியை வாங்கிக்கொள்கிறது. அங்கே பாலி போட்டால் பிரேக்கில் வண்டி நேராக நிற்கும், ஆனால் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் ஸ்டீயரிங்கில் தெரியும். தினமும் குடும்பத்தோடு போகும் வண்டி என்றால் அங்கே நல்ல ரப்பரையே பரிந்துரைப்போம். பாலிதான் வேண்டும் என்றால் கிடைப்பதில் மிக மென்மையான தரத்தை எடுங்கள்.

பின் ஆக்ஸிலை நான்கு லிங்க் (இணைப்புக் கைகள்) பிடித்திருக்கும் வண்டிகளில் பாலி ஆபத்தாகவே முடியலாம். 1979 முதல் 1993 வரை வந்த ஃபாக்ஸ் பாடி மஸ்டாங் இதற்குப் பெயர் போன உதாரணம். மேல் லிங்க்குகள் இரண்டும் சரிவாக வைக்கப்பட்டிருப்பதால், பாடி சாயும்போது அந்த புஷ்கள் எல்லாப் பக்கமும் நெளிந்தாக வேண்டும். அங்கே கெட்டி பாலி போட்டால் சஸ்பென்ஷன் பூட்டிக்கொண்டு, வளைவில் பின் டயர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் பிடி விடும். கீழ் லிங்க்கில் பாலி, மேல் லிங்க்கில் ரப்பர் என்பதே பாதுகாப்பான சேர்க்கை.

1970-களின் டட்சன் 240இசட்டில் இருப்பது போன்ற, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் டென்ஷன் ராடும் இதே வகைதான். பிராக்கெட்டின் இரு பக்கமும் பாலி வைத்து இறுக்கினால், ஏறி இறங்கும்போது ராடு சாய வழியில்லாமல் மரை இருக்கும் இடத்தில் வளைந்து வளைந்து கடைசியில் ஒடிந்துவிடும். ஒரு பக்கமாவது ரப்பர் இருக்கட்டும்.

மேம்பாடு என்றாலே பாலி என்றும் இல்லை. பழைய எம்ஜிபி கார்களின் முன் விஷ்போனில் (கவை வடிவ ஆர்மில்) இருந்த சாதா ரப்பருக்குப் பதிலாக, 1973-இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8-இன் இரும்புக் கூட்டோடு ஒட்டிய ரப்பர் புஷ்ஷை மாட்டுவது வெகுகாலமாக இருக்கும் பழக்கம். ஸ்டீயரிங்கும் இறுகும், கிரீஸ் தொல்லையும் இல்லை. உங்கள் மாடலின் கனமான பதிப்பிலோ வேகமான பதிப்பிலோ இப்படி ஒரு ரப்பர் புஷ் பொருந்துமா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

மாட்டும்போது

பிரிக்கும் முன்பே, சமதரையில் நிற்கும் வண்டியில் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அலைன்மென்ட் போல்ட்டுகளின் நிலையை பெயின்ட்டால் கோடிடுங்கள்.

பழைய ரப்பரை எரித்து எடுக்கவே எடுக்காதீர்கள். புகை நஞ்சு, பக்கத்தில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையும் உருகிப் போகும். ரப்பரைச் சுற்றி டிரில் போட்டு உள் ஸ்லீவை உருவுங்கள். பிறகு ஹாக்சா பிளேடை ஓட்டைக்குள் விட்டு வெளிக் கூட்டில் மட்டும் ஒரு கீறல். உலோகத்தின் நிறமும் அறுக்கும் சத்தமும் மாறினால் உடனே நிறுத்துங்கள், ஆர்மில் விழும் கீறல் நாளைக்கு வெடிப்பாகும். ஆனால் கூட்டை அறுக்கும் முன் செட்டோடு வந்த தாளைப் படியுங்கள். சில பாலி புஷ்கள் பழைய கூட்டுக்குள்தான் உட்காரும். அதை வெட்டி எறிந்துவிட்டால் புஷ்ஷுக்கு இடமே இல்லை.

புது ரப்பர் புஷ்ஷை வெளிக் கூட்டின் விளிம்பில் மட்டும் அழுத்தி ஏற்றுங்கள். ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் சற்றுச் சுருங்கி எளிதாக இறங்கும். பிறை இடைவெளி பழையது பார்த்த திசையையே பார்க்க வேண்டும். முக்கியமாக, போல்ட்டைத் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். பால் ஜாயின்ட்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, குறித்து வைத்த உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே முழு டார்க் (இறுக்கும் அளவு) கொடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரமே கிழியும். புது புஷ் சில மாதத்தில் போய்விட்டது என்ற புகார்களில் பெரும்பகுதி இதனால்தான்.

பாலியில் இந்தக் கட்டாயம் இல்லை, எந்த நிலையிலும் இறுக்கலாம். அங்கே பார்க்க வேண்டியது ஸ்லீவின் நீளம். இரண்டு பாதிகளையும் அழுத்தி உட்கார வைத்த பின் ஸ்லீவ் இரு முனையிலும் மயிரிழை அளவு துருத்தி நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் போல்ட் ஸ்லீவைப் பிடிக்காமல் பாலியைப் பிழியும், ஆர்ம் இறுகிவிடும். ஓட்டையின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, செட்டோடு வந்த கிரீஸை ஸ்லீவின் வெளிப்பக்கத்திலும் புஷ்ஷின் பக்க முகங்களிலும் தாராளமாகத் தடவுங்கள். ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் சேர்க்கும் முன் ஆர்மைக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே மெதுவாக இறங்கினால் சரி. அந்தரத்தில் நின்றால் மறுபடி கழற்றிக் காரணம் தேடுங்கள்.

கீச்சென்ற சத்தம்

பாலியின் மீதுள்ள பழைய புகார் இது. கிரீஸ் காய்ந்ததும் ஸ்லீவ் வழுக்காமல் பிடித்துப் பிடித்து நகர்கிறது, அந்தத் துள்ளல்தான் காதில் விழுகிறது. கெட்டியான சிலிகான் கிரீஸ் மட்டுமே போடுங்கள். சாதாரண கிரீஸ் சீக்கிரம் வெளியேறிவிடும், பக்கத்தில் இயற்கை ரப்பர் பாகம் இருந்தால் அதையும் உப்ப வைக்கும். உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய புஷ் கிரீஸை வெகுநாள் பிடித்து வைக்கும். மலிவான பாலிஎஸ்டர் வகை ஈரத்தில் உதிரத் தொடங்கும். தண்ணீரில் ஓடும் வண்டிக்கு பாலிஈதர் வகைதான் தாங்கும்.

புஷ்ஷுக்குப் பதிலாக இரும்புக் குண்டு ஜாயின்ட் போடலாமா என்றால், அது எல்லாத் திசையிலும் சுழலும், துல்லியத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தூசியும் தண்ணீரும் புகுந்தால் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும், சாலையின் இரைச்சல் முழுக்க உள்ளே வரும். பந்தய வண்டியோடு அதை விட்டுவிடலாம்.

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், சுமார் 500 கி.மீ. ஓடிய பின் போல்ட்டுகளின் டார்க்கை ஒருமுறை சரிபாருங்கள். ஒரே வண்டியில் ரப்பரும் பாலியும் இடத்துக்கு இடம் கலந்திருக்கலாம். இடது பக்கம் ரப்பர், வலது பக்கம் பாலி என்று மட்டும் கலக்கக் கூடாது. பிரேக் மிதித்ததும் ஒரு ஆர்ம் நகரும், மற்றது நகராது. வண்டி மறுபடி ஒரு பக்கம் இழுக்கும்.