மடிப்பாக்கம் பக்கம் செப்டிக் டேங்க் லாரி தேடுபவர்களுக்கு

எங்கள் அபார்ட்மென்டுக்கு இப்போது வருகிற லாரியைத் தாராளமாகக் கூப்பிடலாம். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுபவர், போர்டு, கம்பெனி பெயர் எதுவும் கிடையாது, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வாட்ச்மேன்களிடம் கேட்டால் நம்பர் கிடைக்கும்.

இன்று போன் செய்தால் நாளைக் காலையில் வந்துவிடுகிறார்கள். லோடுக்கு எவ்வளவு என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்கள், வந்து நின்றபின் ரேட்டை ஏற்றுவதில்லை. எங்கள் தெரு குறுகல், லாரி முனையிலேயே நின்றுவிடும், அங்கிருந்து ஹோஸை இழுத்து வந்து ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்துவிட்டு, மூடியைச் சுற்றி பிளீச்சிங் பவுடரும் தூவிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆனால் நான் மதிப்பது வேறு விஷயத்தை. ஒருமுறை டேங்க் அடியில் மண்டி இறுகி ஹோஸ் இழுக்கவில்லை. எங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் யாராவது இறங்கிக் கிளறிவிடக் கூடாதா என்றார். "அந்தப் பேச்சே வேண்டாம் சார், ஆளை இறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் மேலே நின்றே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து எடுத்தார். நேரம் ஆனது, ஆகட்டும். அந்த விஷவாயு எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது, 2013-லேயே இதற்குத் தடைச் சட்டம் வந்தும் இன்னும் இப்படிக் கேட்கிறோமே என்று வயிறு எரிந்தது.

அப்புறம், எடுத்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். இவர் பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார். முன்பு வந்தவர் இதைவிடக் குறைந்த ரேட், ஆனால் இருட்டியதும் மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடுகிற ஆள். அது போய்ச் சேருவது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான், 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்ற அதே சதுப்பு நிலம்.

குறை என்றால் மழைக்காலம். நிலத்தடி நீர் ஏறி டேங்குக்குள்ளேயே ஊறிவிடும், காலையில் எடுத்தால் சாயங்காலம் நிரம்பி நிற்கும், ஏரியா முழுக்க ஒரே நேரத்தில் போன் செய்வதால் லாரி கிடைக்காது. இதில் லாரிக்காரர் மேல் தப்பு இல்லை. 2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டர் சென்னையை 426 ஆக்கினார்கள், ஊராட்சியாக இருந்த மடிப்பாக்கமும் அப்போதுதான் உள்ளே வந்தது. வார்டு எண் உடனே மாறிவிட்டது, பாதாளச் சாக்கடை அந்த வேகத்தில் வரவில்லை. பக்கத்து ஆலந்தூரோ நகராட்சியாக இருந்தபோதே வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டுக்கொண்ட ஊர். மக்கள் பணம் கட்டத் தயாராக இருந்தார்கள், நிர்வாகமும் கேட்கத் துணிந்தது. இங்கே அதே பணத்தை வருடா வருடம் லாரிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நல்ல லாரி கிடைத்துவிட்டது என்று கவுன்சிலரிடம் இணைப்பு கேட்பதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

யாரைக் கூப்பிட்டாலும் கழிவு எடுப்பதற்கான லைசென்ஸைப் பார்த்துவிட்டே மூடியைத் திறக்க விடுங்கள். ஆளை இறக்குகிறேன் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, செப்டிக் டேங்க், சாக்கடை சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-க்குப் போன் போடுங்கள்.